ஹாஸ்கலின் இரண்டு கால்கள்

பாட்டை நிறுத்த முடியவில்லை. அதுதான் கோளாறு.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் முப்பத்திரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பிடில், விரலால் மீட்டுகிற ஒரு பாஞ்சோ. முன் நாற்காலியில் ஹாஸ்கல். எங்கள் மலையில் பாட்டுக்கு முடிவு கிடையாது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். முன் நாற்காலிக்காரர் காலைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு நிற்கும். இல்லாவிட்டால் நிற்காது.

ஹாஸ்கலால் காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு காலும் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தன.

கட்டுகிற யோசனை தன்னுடையது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆரம்பம் வராந்தாக் கூரையில். பாதி போட்டு மூன்று வருஷம். மீதிப் பாதி வானம்.

"ஏங்க, மழையில குடை பிடிச்சுக்கிட்டு பீன்ஸ் உரிக்கிறேன்" என்றாள் வெர்டி. நாற்பத்தொரு வருஷ மனைவி.

"குடை ஒழுகுதா?"

"இல்ல. பிடிக்க மூணாவது கை இல்ல."

"எனக்கு இப்ப வேற வேலை இருக்கு. பிடில் சொல்லித்தர ஐவா டீச்சருக்கு மணிக்கட்டு போச்சு, இனி முன் நாற்காலியில ராத்திரி முழுக்க வாசிக்க முடியாது. அறுவடை ஆட்டத்துல யாரு நல்லா நடத்தறாங்களோ அவங்களுக்கு முன் நாற்காலி. அது எனக்குத்தான்."

"உங்களுக்கா? ஒரு வேலையாவது முடிச்சிருக்கீங்களா?"

ஹாஸ்கலுக்குச் சுருக்கென்றது. "நாற்காலி கிடைச்சா கூரையைப் பத்தி நீ ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது."

"கிடைக்கலன்னா?"

"ஏணி ஏறறேன்."

வெர்டி பீன்ஸ் உரித்தாள். ரொம்ப அமைதியாக உரித்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிடில் வகுப்பு. தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு உள்ளே நாற்காலி போடுவார்கள். தாள் கிடையாது, எழுத்து கிடையாது. ஐவா டீச்சர் ஒரு துண்டு வாசிப்பார். எல்லோரும் காதால் பிடித்துத் திருப்பி வாசிக்க வேண்டும். இரண்டாவது வாரம் வெர்டியும் அவள் அண்ணனின் பிடிலோடு வந்து உட்கார்ந்தாள். "துணைக்கு" என்றாள்.

பன்னிரண்டு வாரத்தில் வெர்டி பதினான்கு பாட்டு பிடித்தாள். ஹாஸ்கல் ஒன்று பிடித்தார். 'வேலி தாண்டிய கோவேறு கழுதை.' ஆனால் அதை அவர் வாசித்தால் கழுதை உண்மையிலேயே வேலி தாண்டும். வில் பறக்கும். எதிரில் இருப்பவனுக்குக் கால் சும்மா இருக்காது.

கோளாறு அவருடைய சொந்தக் காலில். தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"ஹாஸ்கல், உன் கை இங்க இருக்கு. கால் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு" என்றார் ஐவா டீச்சர். "உன் காலைப் பாத்து வாசிச்சா வகுப்பே குட்டையில விழும். அந்தக் காலை அடக்கு. இல்லன்னா நாற்காலியை மறந்துடு."

வீட்டில் அடக்கிப் பார்த்தார். நடக்கவில்லை.

"கறக்கறப்ப மாடு உதைச்சா என்ன செய்வோம்?" என்று வெர்டி சோளரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"கட்டுவோம்." ஹாஸ்கல் எழுந்து நின்றுவிட்டார். "அடியே! கட்டிட்டா? நாற்காலியோட கட்டிட்டா?"

"அய்யோ, எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுதோ!"

வலது காலைக் கட்டிப் பார்த்தார்கள். இடது கால் ஆரம்பித்தது. இரண்டையும் கட்டினார்கள். முடிச்சு வெர்டி போட்டாள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம், அறுவடை ஆட்டம். கழுதை வேலி தாண்டிக்கொண்டிருந்தது. ஹாஸ்கல் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை. பலகைத் தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஐவா டீச்சரே கைதட்டினார். நாற்காலி கைக்கு வந்துவிட்டது என்று ஹாஸ்கல் மீசைக்குள் சிரித்தார்.

ஆடுகிறவர்களுக்கு அடுத்த அசைவைக் கூவி ஆட்டம் சொல்கிற ரூஃபஸ், "கடைசிச் சுற்று!" என்று கத்தினான்.

ஹாஸ்கல் காலைத் தூக்கினார். நாற்காலிதான் முனகியது.

இன்னொரு சுற்று. இன்னொரு கடைசிச் சுற்று. ஹாஸ்கல் வாயால் கத்தினார். அறுபத்து நாலு பூட்ஸ் சத்தத்தில் யார் காதில் விழும்? வில்லைக் கீழே போடலாம். போட்டால் நாற்காலி போச்சு. ரூஃபஸுக்குக் குரல் கட்டிவிட்டது. கையால் ஆட்டம் சொன்னான். தபால்காரர் ஆடிக்கொண்டே வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

"வெர்டி! அவிழ்த்துவிடு!"

"ரெண்டு கையும் பிடில்ல இருக்குங்க" என்றாள், பக்கத்து நாற்காலியில், வில்லை நிறுத்தாமல்.

"என்னடி செய்ய?"

"பாஞ்சோக்காரர் எங்க பாக்கறார்னு பாருங்க."

பார்த்தார். பாஞ்சோக்காரர் ஹாஸ்கலின் காலைப் பார்க்கவில்லை. வெர்டியின் பூட்ஸைப் பார்த்தார். பின்வரிசை ஏழு பிடிலும் அங்கேதான் பார்த்தது. பன்னிரண்டு வாரமாக வகுப்பு முழுக்க அவள் காலை நம்பித்தான் வாசித்திருக்கிறது. குட்டையில் விழாததற்குக் காரணம் அதுதான். இது தெரியாத ஒரே ஆள் முன் நாற்காலியில் இருந்தார்.

"தூக்குடி! காலைத் தூக்கித் தொலை!"

"கூரை?"

"வைக்கோல் வேலை முடியட்டும்."

"அப்ப வாசிங்க."

இன்னும் இரண்டு சுற்று. ஹாஸ்கலின் முழங்கை எரிந்தது.

"திங்கக்கிழமை!"

"காலையிலயா, மத்தியானமா?"

"காலையில! காலையில!"

வெர்டி வலது காலை நீட்டி உயர்த்தினாள். பத்து வாத்தியமும் ஒரே அடியில் நின்றன. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு கூடம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. இப்படி ஒரு ஆட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததே இல்லை என்றார்கள். ஹாஸ்கல் வில்லைத் தூக்கிக் கும்பிடு வாங்கினார்.

"வாசிச்சது ஹாஸ்கல்" என்றார் ஐவா டீச்சர். "நடத்தினது வெர்டி. நாற்காலி அவளுக்கு."

கைதட்டல் இரண்டு மடங்கானது. நாற்காலியை எடுத்துக் கொடுக்க வந்தார்கள். அதில் ஹாஸ்கல் இருந்தார்.

தீயணைப்புக்காரர்கள் ஆறு பேர் குனிந்தார்கள். ஒருவன் கத்தியை எடுத்தான்.

"அறுக்காதீங்க, நல்ல கயிறு" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆறு பேரும் பல்லால் இழுத்தார்கள், ஆணியால் நெம்பினார்கள், ஒருவன் கோடாரி கொண்டுவரப் போனான். ஹாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டார். கயிறு சட்டென்று தளர்ந்தது. இரண்டு விரலால் ஒரு நுனியை இழுத்தவள் வெர்டி.