ரப்பர் பட்டையும் வலது கண்ணும்

காலையில் போர்வையை விட்டு எழுந்து நடக்கப் போவதில்லை என்று துணிக்கடை விற்பனையாளர் முடிவெடுத்துவிட்டார். தொப்பை குறைய வேண்டுமென்றால் தன்னோடு நடக்கத்தான் வேண்டும் என்பது மனைவியின் கட்சி. அறையை விட்டு நகராமலே குறைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு, உடற்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பட்டை வாங்கி வந்தார். தோற்றால் ஆயுள் முழுக்க அவளோடு நடை.

பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே அது கழன்று வந்து வலது கண்ணில் அறைந்தது. தொப்பை மட்டும் அசையவில்லை.

மறுநாள் கண் கோவைப்பழமாகிவிட்டது. வெளிச்சம் பட்டால் உயிர் போகிற வலி. மனிதர் அசரவில்லை. சாயம் போகிற துணியையே போகாதென்று சத்தியம் செய்து விற்றவர். மனைவி வேலை பார்ப்பதோ கண் மருத்துவமனையில். கொல்லன் தெருவில் ஊசி விற்கவும் ஒரு திறமை வேண்டாமா?

“கண் வலி. கடையில எல்லாருக்கும் வந்திருக்கு. கிட்ட வராத, ஒட்டிக்கும்.”

“பீளையே காணோமே?”

“எனக்கு எது வந்தாலும் சுத்தமாத்தான் வரும்.”

“இடது கண்ணு?”

“அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு.”

மனைவி அவருடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, இடது கண்ணில் டார்ச் அடித்தாள். “ஐயோ” என்று அவர் அவள் கையோடு சேர்த்து வலது கண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிச்சம் அடிச்சது இந்தக் கண்ணுல, வலிக்கிறது அந்தக் கண்ணுலயா? ஒட்டுற கண் வலி இப்படிப் பண்ணாது. உள்ள அழற்சி இருக்கு. எதுல அடிபட்டுச்சு?”

“கதவுல.”

“கதவுலயா, கதவுல மாட்டின பட்டையிலயா?”

அவள் சிரிக்கவில்லை. “பார்வை போயிருந்தா என்னங்க பண்றது? கிளம்புங்க” என்றாள். அவர் வெட்கத்தோடு செருப்பை மாட்டினார்.

டாக்டர் பார்த்தார். “அடிபட்டதால வந்த அழற்சிதான். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. சொட்டு மருந்துல சரியாயிடும். குணமாகிற வரைக்கும் வெயில் பக்கம் போகாதீங்க.”

வலியிலும் விற்பனையாளர் முகம் மலர்ந்தது.

“கேட்டியா? வெயிலே ஆகாதாம். உன்னோட நடக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன். என்ன பண்றது, நீ மட்டும் போயிட்டு வா.”

மனைவி டாக்டர் பக்கம் திரும்பினாள். “மெதுவா நடக்கலாமா டாக்டர்?”

“தாராளமா.”

அவள் கைப்பேசியை எடுத்து அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினாள்.

“இனிமே இருட்டோட கிளம்பிடலாங்க.”