மாப்பிள்ளையின் வீரன்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்று என்றால் முறைக்கிற ஜனம், கம்ப்யூட்டர் கடை வாசலில் மட்டும் யாரும் சொல்லாமலே கழற்றுகிறது. கழற்றிவிட்டு, கால்மிதியில் பாதத்தை இரண்டு தரம் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறது. இந்தக் காலத்து மனுஷனுக்கு எதன்மேல் பயபக்தி என்றே புரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, கோதண்டபாணி தன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய் உட்கார்ந்தார்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மருமகன் அசோகனின் கடை. முன்பாதி எஸ்.டி.டி. பூத், அதைப் பார்த்துக்கொள்வது ஷாகிரா என்கிற பெண். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஏ.சி. அறை, அதில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். காலையில் டைப்பிங் வேலை நடக்கும். சாயங்காலமானால் மணிக் கணக்கில் காசு கொடுத்துவிட்டு எவனாவது வந்து விளையாடுவான். இன்று அசோகன் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறான். கடைக்குக் காவல் மாமனார்.

கோதண்டபாணிக்கு இதுதான் கடைசி வேலை. ஜவுளிக் கடையில் வாட்ச்மேனாக இருந்தபோது, நடை சரியில்லை என்று ஒரு அம்மாளின் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தார். அது முதலாளியின் மாமியார். அடையாறு அடுக்குமாடியில், டிரைவரின் முழி சரியில்லை என்று தண்ணீர் லாரியைத் திருப்பி அனுப்பினார். அன்று கட்டடத்தில் ஒருத்தரும் குளிக்கவில்லை. அதற்கப்புறம் எவன் வேலை தருவான்? மகள் அன்புச்செல்விதான் புருஷனிடம் மல்லுக்கு நின்று இதை வாங்கிக் கொடுத்தாள். "எங்கப்பாவ நம்பி வுடுய்யா" என்று அவள் சொன்னபோது கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதையும் கெடுத்துக்கொண்டால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கிளம்பும்போது அசோகன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"மூலைல கீற மெஷின மட்டும் தொடாதீங்க மாமா. நாலு மாச உழைப்பு அதுல கீது."

அந்தத் திரையில் ஒரு விளையாட்டு; அதில் ஒரு கிராமம். நடுவில் கவசம் போட்ட வீரன் ஒருவன், கையில் நீலமாக மினுங்கும் வாளோடு நின்றான். கிராமத்தை ஒட்டி இடிந்த கோட்டை. அதன் அடியில் மாடி மாடியாகப் பாதாளம். இறங்கி, அகப்பட்டதையெல்லாம் வெட்ட வேண்டும். வெட்டினால் அது பொன்னோ கத்தியோ உதிர்க்கும். பொறுக்கிக்கொண்டு இன்னும் கீழே இறங்க வேண்டும். இதற்குப் போய் உழைப்பு என்று பேர்.

மத்தியானம் கடைசி ஆளும் போனபிறகு போன் அடித்தது. அன்புச்செல்வி. மூலை மெஷினில் தூசியாம்; அசோகன் வருவதற்குள் துடைத்து வைக்கணுமாம்.

மருமகன் பேச்சைவிட மகள் பேச்சு பெரிது. துண்டை எடுத்து மவுசை அழுத்தித் துடைத்தார். திரையில் வீரன் விறுவிறுவென்று நடந்து கோட்டைப் படியில் இறங்கிவிட்டான். கூப்பிட்டால் வருகிறவனா? எலும்புக்கூடுகள் சூழ்ந்துகொண்டன. கோதண்டபாணி கண்ட இடத்தில் தட்டினார். அடுத்த நிமிஷம் வீரன் கிராமத்தில் கோவணத்தோடு நின்றான்.

சத்தம் கேட்டு ஷாகிரா எட்டிப் பார்த்தாள். செத்தால் உயிர் திரும்பி வரும், போட்டிருந்ததெல்லாம் செத்த இடத்திலேயே விழுந்து கிடக்கும் என்று விளக்கினாள்.

"ஓடிப்போய் எடுத்துக்கினு வந்துடுங்க பெரியவரே. மொதலாளிக்குத் தெரியவா போவுது?"

கோவணத்தோடு ஓடினார். படியிலேயே செத்தார். கிராமத்துப் பெட்டியில் அசோகன் பத்திரப்படுத்திய இன்னொரு கவசம் இருக்கிறது என்றாள். அதையும் மாட்டிக்கொண்டு போனார். அதுவும் உள்ளே போயிற்று. பெட்டியில் மிச்சமிருந்த மோதிரங்களை விற்று ஒரு கத்தி வாங்கலாம் என்றாள். கிராமத்து வியாபாரி கொடுத்த விலையைப் பார்த்துக் கிழவருக்கு ரத்தம் கொதித்தது.

"இவன் சேட்டுக்கே வட்டிக்கு வுடுவான் போலக்கீதே" என்று திரையைப் பார்த்தே திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் விற்றார்.

ஆனால் அந்த மட்டமான கத்தி கைக்குப் பழகியது. தட்டினால் எலும்புக்கூடு சரிந்தது. சரிந்ததும் ஏதோ டிங் என்று விழுந்தது. அடுத்ததில் என்ன இருக்குமோ என்று விரல் தானாகத் தேடியது. இன்னொன்று, இன்னும் ஒன்று. ஷாகிரா வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை படிந்தது. அவருக்குத் தெரியாமலே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் தூரத்தில் நீல வாள் தரையில் மினுங்கியது. அதன் பக்கத்தில் ஒரு தங்கப் பேழை. வாள் எங்கே ஓடிவிடப் போகிறது என்று முதலில் பேழையைத் திறந்தார். உள்ளேயிருந்து கொம்பு வைத்தது ஒன்று எழுந்து வந்தது.

திரும்பவும் கோவணம்.

"பேசாம பிளக்க புடுங்கிட்டு மறுபடி போட்டா, காலைல இருந்தாப்ல வந்துடுமோ என்னமோ" என்றாள் ஷாகிரா.

புடுங்கினார். மறுபடி போட்டபோது வாளும் இல்லை, கோவணமும் இல்லை. வீரன் பேரே அதில் இல்லை.

அசோகன் வந்தான். மூலைக்குப் போனான். மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடிப் பார்த்தான். கோதண்டபாணி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவன் போகச் சொல்லாவிட்டாலும் தானே போய்விடுவது மரியாதை என்று நினைத்தார்.

அசோகன் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"அன்பு, சீக்கிரம் வரேன். ரெடியா இரு, பெசன்ட் நகர் பீச்சுக்குப் போலாம்." போனை வைத்துவிட்டு விரல்களை நெட்டி முறித்தான். "விடுங்க மாமா. எனக்கே கை வலி கண்டுடுச்சு. நாளைக்கும் வந்துடுங்க."

நாலு மாச உழைப்பு போனபிறகு கத்தாத மனுஷனை எப்படி நம்புவது? உள்ளே ஏதோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறான் என்று நினைத்தபடி கோதண்டபாணி வெளியே வந்தார். முன்னால் ஷாகிரா பில் மெஷினில் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பெரியவரே மூஞ்சி தொங்கிப்போச்சு? அன்பு அக்கா காலைலயே சொல்லிட்டாங்க: 'நாலு மாசமா எம்புருஷன் வூட்டுக்கு ராச்சோத்துக்கு வரல, அந்தக் கேம ஒழிக்க எங்கப்பாவ ஒரு நாள் உக்கார வெச்சா போதும், நீ கூட இருந்து யோசன மட்டும் குடு'ன்னு."

கோதண்டபாணி அவள் முழியை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். சரியில்லை. ஒரு வார்த்தையையும் நம்பாமல் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடையைக் கட்டினார்.