மாமனார் வீட்டு விழாவைத் தட்டிக்கழித்த நெபோய்ஷா

நெபோய்ஷா ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை மாமனார் வீட்டு ஸ்லாவாவுக்குப் போகப்போவதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

இது லேசுப்பட்ட முடிவல்ல. நோவி சாட் ஊரில் ஒருவன் தன் கல்யாணத்துக்கே தாமதமாகப் போகலாம். மாமனாருடைய ஸ்லாவாவுக்கு, அதாவது குலப் புனிதரின் திருநாளுக்கு, போகாமல் இருக்க முடியாது. அதிலும் இந்த வருஷம். மாமனார் கிழவர் ஜிவோயினுக்கு நுரையீரல் போய்விட்டது. அடுத்த ஸ்லாவாவைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள் ராட்மிலா, ஒரே மாப்பிள்ளை இவன். தனக்குப் பிறகு வருஷா வருஷம் ஸ்லாவாவின் மெழுகுவர்த்தியை ஏற்ற இவன் ஒப்புக்கொள்வானா என்று கேட்பதற்காகத்தான் மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

நெபோய்ஷாவின் கையிலும் சில உயிர்கள் இருந்தன. எல்லாம் கணினிக்குள். 'பனிக்குடி' என்று ஒரு விளையாட்டு. பெரிய கம்பெனி எதுவும் செய்ததல்ல. எவனோ ஒருத்தன் வேலையை விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து செய்தது. உறைந்துபோன நிலா ஒன்றில் ஒரு கூட்டம் மனிதர்கள். அவர்களுக்குக் குடிசை கட்டி, காளான் பயிரிட்டு, அடுப்பு அணையாமல் காக்க வேண்டும். செத்தால் செத்ததுதான், மறுபடி எழுப்ப வழியில்லை. அதில் சமையல்காரி ஒருத்தி செத்தபோது நெபோய்ஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாரின் எக்ஸ்ரே வந்த அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான். அந்த விளையாட்டின் புதுப் பகுதி, 'பெருங்குளிர்', வெளிவருவதும் அதே சனிக்கிழமை.

பொய்க்கா பஞ்சம்? அவன் ஒரு செங்கல் தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். இணையத் திருட்டுச் செய்தி என்றால் அவனுக்கு உயிர். எந்த வங்கியில் ஓட்டை, எந்த ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பூட்டிவைத்து மிரட்டினார்கள் என்று தினமும் காப்பி நேரத்தில், மின்கம்பத்தில் ஒட்டிய சாவு அறிவிப்பைப் படிக்கிற குரலில் படித்துக்காட்டுவான். மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். ராட்மிலா செருப்புக் கடையில் ஃபோன் நம்பரைச் சொல்லிவிட்டாள் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"போச்சு ராட்மிலா. எல்லாம் போச்சு."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. "அப்பாவா?"

"சேச்சே, அவர் இல்ல. ஃபாக்டரி. உள்ள பூந்துட்டானுங்க."

"யாரு?"

"போன வாரம் படிச்சுக் காட்டினேனே, அந்தக் கும்பல்தான். எல்லாக் கணினியையும் பூட்டிட்டானுங்க. நான் இங்கேருந்து ஒரு அடி நகர முடியாது."

"இன்னிக்கா? அப்பா விடிஞ்சதுலேருந்து உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்காராம்."

"திருடன் நல்ல நாள் பெரிய நாள் பாத்தா வர்றான்?"

"பாதிரியார் ரொட்டி வெட்டுற நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போயேன், நெபோய்ஷா."

"நூறு குடும்பத்துப் பொழப்பும்மா!"

ராட்மிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை மாட்டினாள். "சரி, நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்" என்று பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். அவனுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. பெருங்குளிர் கணினிக்குள் இறங்கி முடியும்வரை உறுத்தியது.

மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கடையில் சொல்லியிருந்த பூரெக் அடை வந்துவிட்டது என்று நினைத்து, ஆட்டத்தை நிறுத்தாமலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் மாமனார். ராட்மிலாவின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவரை மாடிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். மடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர். பின்னால் பாதிரியார். அவருக்குப் பின்னால் முழுசாகச் சுட்ட பன்றி, அண்டா அண்டாவாக முட்டைக்கோஸ் சுருட்டல், படி முழுக்கச் சொந்தக்காரர்கள். நெபோய்ஷாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஊர்ப் பொழப்பைக் காப்பாத்திக்கிட்டு இருக்கியாமே மாப்பிள்ளை" என்றார் கிழவர், மூச்சு வாங்க. "நீ வர முடியலன்னா என்ன? நான் வர்றேன்."

அவனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள் ராட்மிலா.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றான்.

"எனக்கு ஒரு சீட்டு விளையாட்டு வாங்கிக் குடுத்தியே, அப்பவே உன் நண்பர் பட்டியல்ல என்னையும் சேத்துட்ட. நான் பஸ்ல ஏறி உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஃபோன் சொல்லுது, 'நெபோய்ஷா பனிக்குடி விளையாடத் தொடங்கினார்'னு. கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டினியே மகராசா, இதுக்கு ஒட்டலயா?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"போய் நில்லு. சாகப்போற மனுஷன் முன்னாடி இதைப் பத்தி மூச்சு விடாத."

மெழுகுவர்த்தி எரிந்தது. ரொட்டியில் திராட்சை மதுவை ஊற்றி இரண்டாகப் பிட்டார்கள். கிழவர் தன் பாதியை நீட்டினார். "எனக்கப்புறம் இதை நீ எடுத்துக்குவியாப்பா?"

நெபோய்ஷா அந்தப் பாதியை இரண்டு கையாலும் வாங்கினான். "எடுத்துக்கிறேன் மாமா" என்றான். கிழவர் குழந்தை மாதிரி அழுதார். அவனுக்கும் கண் கலங்கியது, அது மட்டும் பொய்யில்லை.

ஸ்லாவா கொடுக்கிறவன் உட்காரக் கூடாது. எல்லோரும் தின்று முடிக்கும்வரை நின்றபடி பரிமாற வேண்டும். நெபோய்ஷா நின்றான். அடுத்த அறையில் டங்கென்று ஒரு மணி அடித்தது. பனிக்குடியில் ஓர் உயிர் போனால் ஒரு மணி.

"அது என்னடா சத்தம்?" என்றாள் ஓர் அத்தை.

"ஃபாக்டரி, அத்தை."

"ஐயோ பாவம். போய்ப் பாத்துட்டு வாயேன்."

"நல்லாருக்கே!" என்றாள் ராட்மிலா. "விருந்தாளிங்களை விட்டுட்டு நகரலாமா? சித்தப்பா கோப்பை காலியா இருக்கு பார்."

ரக்கியா ஊற்றினான். டங். பன்றி அறுத்தான். டங். யாருக்கு அடுப்பு அணைந்ததோ, யார் யாரைப் பிய்த்துத் தின்றார்களோ! இருட்டுவதற்குள் மணிச்சத்தம் அடங்கிப்போயிற்று.

புறப்படும்போது கிழவர் அவன் கையைப் பிடித்துக் குனியச் சொன்னார்.

"மாப்பிள்ளை, யாராவது மிஞ்சினாங்களா?"

"எங்க மாமா, ஃபாக்டரியிலயா?"

"பனியில."

ராட்மிலாவின் ஃபோனைக் கிழவரும் பார்த்திருக்கிறார் என்று நெபோய்ஷாவுக்குப் புரிந்தது. "ஒருத்தர்கூட இல்ல மாமா" என்றான்.

"வருத்தப்படாத." கிழவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மாடிப்படியைக் காட்டினார். இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் இன்னும் முடியவில்லை. "இவங்க அத்தனை பேரும் உனக்குத்தான். வருஷா வருஷம் கூப்பிடாமலே வருவாங்க."