குழாய்க்குக் கஷாயம்

புதுச்சேரியிலேயே குழாயோடு பேசி, அதனிடம் பதிலும் வாங்கியவர் எங்கள் குழாய் முசே ஒருவர்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பங்களாக்களுக்குக் குழாய் மாட்டியவர்; ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ஐயா. எண்பதுகளில் நெல்லித்தோப்பில் ஆறு குடித்தனங்கள் இருந்த எங்கள் வீட்டின் கோடி அறையில் தனியாக இருந்தார். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டார்.

எல்லோருக்கும் மாடியில் ஒரே தொட்டி. கரண்ட் போய் மோட்டார் நின்றதும் வீடே கனவில் அமிழ்ந்ததுபோல் ஆகிவிடும். முசே சுவரோரக் குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே யாரோ தாலாட்டுவதுபோல் முகம் இளகும். பிறகு தீர்ப்பு வரும்.

“ஆறு பக்கெட்டு. வீட்டுக்கு ஒண்ணு புடிச்சிக்குங்க. அதுக்கப்புறம் குழாயத் தொறந்தா காத்து பூந்துடும்.”

“பூந்தா என்னா முசே, குழாய்க்கு ஜன்னி வந்துடுமா?” என்பார் எதிர் அறை ரோசி அக்கா.

“வரும். நீதான் கஷாயம் வெக்கணும்.”

ஒருமுறை ஏழாவது பக்கெட்டும் நிரம்பிவிட்டது. இரண்டு நாள் அவர் அந்தக் குழாயோடு பேசவில்லை.

ஒருநாள் எனக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் இன்டர்வியூ. எட்டரைக்குப் பஸ். குளியலறையில் காலை வெயில் மிதந்துகொண்டிருந்ததால் கரண்ட் இல்லாதது தெரியவில்லை. தலை நிறையச் சீயக்காய் தேய்த்துவிட்டுக் குழாயைத் திருகினேன். ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது. கண் எரிந்தது. வெளியே முற்றத்தில் ஆண்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வாய் வரவில்லை. திரும்பத் திரும்பக் குழாயைத் திருகியபடி நின்றேன். பஸ் போய்விடும், வேலையும் போய்விடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் முசேயின் குரல் பிரெஞ்சில் தொடங்கியது.

“அத்தாந்தே, எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. ஒருத்தரும் குழாயத் தொடாதீங்க. காத்து பூந்திருக்கு, வெடிச்சிடும்.”

ஏணி கிறீச்சிட்டது. மேலே தொட்டியில் சளசளவென்று ஏதோ விழுந்தது. குழாய் செருமியது. தண்ணீர் வந்தது, வெட்டிவேர் மணத்தோடு.

“மாடியில என்னா வேல முசே?” என்றார் ரோசி அக்கா.

“குழாய்க்குக் கஷாயம் ஊத்துனேன்.”

சாயங்காலம் திரும்பி வந்ததும் யாரிடமும் பேசாமல் நேரே போய் அவர் காலிப் பானையை நிரப்பினேன். முசே அதில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

“வேல கெடச்சிடுச்சாம்” என்றார்.

இப்போதும் கரண்ட் போனால் நான் குழாயில் காதை வைக்கிறேன். என்னிடம் அது பேசுவதில்லை. வெட்டிவேர் மட்டும் லேசாக மணக்கிறது.