வருஷத்துக்கு ஒரு பீப்பாய்

எதையும் மூடுவதற்கு மனசு வராத ஓர் இனம் உண்டு. டப்பாவைத் திறந்தால் மூடாதவர்களைச் சொல்லவில்லை. அது சின்ன வியாதி, வீட்டம்மா போடும் சத்தத்திலேயே சரியாகிவிடும். இது வேறு. செத்துப்போன காரியத்துக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, "தூங்குது, எழுப்பாதீங்க" என்று வாசலில் காவல் நிற்கும் ஆசாமிகள். கண்டுபிடிப்பது சுலபம். எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"ஓடிக்கிட்டு இருக்கு."

நம் ஆள் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பழைய கிணறுகளுக்கு மேற்பார்வையாளர். ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் 'ஓடுது சார்'. அவர் வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதில் துண்டு காயும், லுங்கி காயும், பேரன் சட்டை காயும். வருஷத்தில் ஒரு நாள் காலையில் துணிகளை எல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதிப்பார். இறங்கி, மூச்சு வாங்க, மனைவியைப் பார்த்து, "விக்கணும்னு சொன்னியே, பாரு, ஓடுது" என்பார். துணிகள் திரும்பச் சைக்கிளுக்குப் போகும்.

வீட்டில் ஒரு சைக்கிள். வேலையில் நாற்பத்து மூன்று கிணறுகள்.

எண்ணெய் வற்றி நின்றுபோன கிணற்றை அப்படியே விடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அடிவரைக்கும் சிமெண்டு ஊற்றி அடைக்க வேண்டும், இரும்பை எல்லாம் பிடுங்க வேண்டும், எண்ணெய் ஊறிய மண்ணை வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கும் செலவு. ஆனால் ஓடுகிற கிணற்றுக்கு இது எதுவும் கிடையாது. சரி, எத்தனை பீப்பாய் எண்ணெய் எடுத்தால் ஒரு கிணறு ஓடுவதாக அர்த்தம்? அதைச் சட்டம் எழுதியவர் எழுத மறந்துவிட்டார். மறந்தாரா, மறக்க வைத்தார்களா, அது நமக்கெதற்கு?

ஆகவே ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரமும் ஓடுது சார் ஒரு மெக்கானிக்கையும் ஒரு டின் கிரீசையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நாற்பத்து மூன்று பம்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, உதைத்து, கெஞ்சி எழுப்புவார்கள். அவை கிரீச்சென்று முனகி, நாலு தடவை தலையாட்டி, இருமி, ஆளுக்கொரு பீப்பாய் எண்ணெய் துப்பிவிட்டுப் பழையபடி கண்ணை மூடிக்கொள்ளும். அரசாங்கத்துக்கு அனுப்பும் ஃபாரத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்தி எழுதுவார்: ஓடுகிறது. பொய் சொன்னாரா? இல்லையே. ஓடியதே!

இந்த நாற்பத்து மூன்றில் பதினேழாம் நம்பர், அவருடைய சொந்த அக்காவின் நாற்றுப் பண்ணைக்குப் பின்வேலியை ஒட்டி நின்றது. அங்கே எப்போதும் அழுகின முட்டை வாடை. அக்காவுக்கு விடாத தலைவலி. வேலியோரத் தட்டுகளில் போட்ட நாற்று எல்லாம் ஒரு விரல் உயரம் வந்ததும் மஞ்சள் பூத்துச் சாய்ந்துவிடும். வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் மயக்கம் வருகிறது என்று நின்றுவிட்டார்கள். இன்னொரு வருஷம் இப்படிப் போனால் பண்ணையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"டேய், அந்தப் பதினேழை மூடித் தொலையேன்டா."

"எப்படிக்கா மூடறது? அதுதான் ஓடிக்கிட்டு இருக்கே."

"எங்கடா ஓடுது? அது தலையில குருவி கூடு கட்டி மூணு தலைமுறை ஆச்சு!"

"நிதானமா ஓடுதுக்கா. வேணும்னா வேலியில தார்ப்பாய் கட்டித் தரேன்."

கட்டியும் கொடுத்தார். நீலத் தார்ப்பாய், நல்ல கனம். வாடைக்குத் தார்ப்பாய் கட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி இருக்கையில், எந்தக் கிணற்றைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும், எது எவ்வளவு வாயு கசிகிறது என்று கணக்கெடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்கென்று ஒரு புள்ளிவிவரப் பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அவள் கிணற்றுப் பக்கமே போகவில்லை. இரண்டு கம்ப்யூட்டர் திரையை முன்னால் வைத்துக்கொண்டு இருபது வருஷத்து ஃபாரங்களை மாசவாரியாக ஏற்றினாள். ஓடுது சார் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார். கிரீஸ் கறை படாத கை என்னத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறது?

மீட்டிங்கில் அவள் சுவரில் ஒரு படத்தைப் போட்டாள். நாற்பத்து மூன்று கோடுகள், தரையோடு தரையாக. வருஷத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் எல்லாம் சேர்ந்து ஒரு துள்ளல்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். மாசா மாசம் பூஜ்யம், டிசம்பர்ல மட்டும் ஒண்ணு. கிணறுங்களுக்கு என்ன சார், பிறந்தநாளா?"

டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

"பழைய கிணறும்மா. நிதானமா ஓடும்."

"நிதானம் சரி சார். நாற்பத்து மூணும் ஒண்ணா முழிச்சு, ஆளுக்கு ஒரே பீப்பாய் கொடுத்துட்டு, ஒண்ணா தூங்கப் போகுதே! இவ்வளவு ஒத்துமை எந்தக் குடும்பத்துல சார் இருக்கு?"

அடுத்த படம். ஆகாயத்திலிருந்து எடுத்தது, வாயு கசியும் இடமெல்லாம் சிவப்பு. எல்லாவற்றையும்விடச் சிவப்பாக ஒரு திட்டு.

"இது பதினேழு. வருஷம் பூரா எடுத்த எண்ணெயைவிட, ஒரே வாரத்துல கசியற வாயு எடை அதிகம். கணக்குப்படி இது எண்ணெய்க் கிணறே இல்ல சார். வாயுக் கிணறு. எண்ணெய் ஏதோ தெரியாத்தனமா வருது." திட்டின் ஓரத்தைப் பென்சிலால் தொட்டாள். "பக்கத்துல யாரோ நாற்றுப் பண்ணை வெச்சிருக்காங்க. பாவம்."

சிவப்புக்குள் ஒரு சின்ன நீலக் கோடு தெரிந்தது. அந்தத் தார்ப்பாயின் நாலு முடிச்சையும் போட்டவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"பதினேழை மூடிடலாம்" என்றார். அறையே திகைத்துப்போனது. அப்படி ஒரு சொல் அவர் வாயில் இருப்பது யாருக்கும் தெரியாது.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அன்றே அக்காவுக்குச் சேதி சொன்னார். நாலு நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

"என்னடா ஆச்சு?"

"மூடிக்கிட்டு இருக்குக்கா."

எட்டாம் நாளும் மூடிக்கிட்டு இருந்தது. பதினோராம் நாள் அக்கா ஆபீசுக்கே வந்தாள். சாய்ந்துபோன மஞ்சள் நாற்றுத் தட்டை அவருடைய ஃபைல்கள் மேல் வைத்தாள். எதிர் நாற்காலியில் அமர்ந்தாள்.

"நீ மூடிக்கிட்டே இரு. நான் உட்கார்ந்துகிட்டே இருக்கேன்."

அது மட்டுமா? புள்ளிவிவரப் பெண் தன் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள்: 'மூடிக்கொண்டிருக்கும் நாட்கள்'. டீ மேஜைக்கு மேலே, எல்லோரும் பார்க்கும் திரையில், அவர் பெயருக்கு நேரே 11. மறுநாள் காலை 12. அதற்கும் மறுநாள் 13. அக்காவின் முறைப்பைக்கூடத் தாங்கிவிடலாம். கூடிக்கொண்டே போகும் ஒரு நம்பரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது?

பதினான்காம் நாள் சிமெண்டு லாரி வந்தது. மெக்கானிக் குருவிக் கூட்டை அலுங்காமல் எடுத்துப் பண்ணைக் கொட்டகை விட்டத்தில் வைத்தார். குழாய்க்குள் சிமெண்டு சளசளவென்று இறங்கியது.

"என்னக்கா, வாடை போச்சா?"

"ஒரு மாசம் மோந்து பார்த்துட்டுச் சொல்றேன். நீ சொன்னா நம்பிட முடியுமா?"

வாயுக் கசிவை அளக்கும் கருவியோடு நின்ற புள்ளிவிவரப் பெண் கேட்டாள்: "மீதி நாற்பத்து ரெண்டு, சார்?"

"அதெல்லாம் ஓடி..." என்று ஆரம்பித்தவர், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறாரே, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போன் போட்டு, "எப்படி இருக்கே, ஒரு நாள் நிதானமா உட்கார்ந்து பேசணும்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்களே, அவரைப் பற்றித்தான் கேட்கிறேன். அதுவும் வருஷத்துக்கு ஒரு பீப்பாய்தான். உங்கள் பன்னிரண்டு மாசத்தையும் யாராவது கோடாக வரைந்து சுவரில் போட்டால் எங்கே துள்ளும், எங்கே படுத்துக் கிடக்கும்? அந்த வேலிக்கு அப்பால் யாராவது தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார்களா?

"சேச்சே, எங்களுக்குள்ள நல்லாத்தான்..." என்று வாய் வரை வருகிறது பாருங்கள். அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள்.