பச்சை என்றால் எந்தப் பச்சை

"முதல்ல இதைச் சொல்லும்மா. வீட்டுக்கு வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சு, 'உன் நம்பர் என்ன'ன்னா கேப்பே?"

ரூபியிடம் கேட்டுவிட்டுப் பெரியவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் 'ஐட்டம் கோட்?' என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் விடமாட்டேன் என்பதுபோல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கேக்க மாட்டேன் அங்கிள்."

"அப்ப இது மட்டும் ஏன் கேக்குது? வாங்க, உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா கரண்ட் கூடவா செலவாகும்? சொல்லச் சொல்லு லா."

ரூபி மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டாள். அவள் படித்த படிப்பு அப்படி.

அது என்ன படிப்பு என்று விளக்குவதற்குள் அவள் அப்பா சிலுவைராஜ் பட்ட பாடு தனிக்கதை. ஜூரோங் கப்பல் பட்டறையில் எவ்வளவு பெரிய இரும்பையும் ஒட்டவைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது மட்டும் அவரால் ஒரு வாக்கியத்தை ஒட்டவைக்க முடியாது.

"மக கம்ப்யூட்டர் செய்யுறாளா, ரிப்பேர் பாக்குறாளா?"

"ரெண்டும் இல்ல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற ஆளுக்குச் சௌரியமா இருக்கான்னு கேப்பா."

"இதைக் கேக்கவா ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ப் படிச்சா?"

அதற்குமேல் சிலுவைராஜ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்.

எண்பத்தேழாம் வருஷம் அது. பொருளாதார மந்தம் அப்போதுதான் தெளிந்து, கம்பெனிகள் பயந்து பயந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. சாஃப்ட்வேர் ஆலோசனை நிறுவனம் ஒன்றை நடத்திவந்த பாலகிருஷ்ணன் ரூபியை அரை மனதோடு சேர்த்துக்கொண்டார். முதல் வேலையாக சிராங்கூன் சாலை ஜவுளிக்கடை ஒன்றுக்கு அனுப்பும்போதே மீதி அரை மனதையும் காட்டிவிட்டார்.

"பில் போடுற சிஸ்டம். மெயின் புரோகிராம் ரெடி. நீ போய் அங்க யாராச்சும் பழைய ஆளு இருப்பாரு, அவரைப் பிடிச்சுக்கோ. அவருக்கு ஏத்த மாதிரி திரையைச் சரிபண்ணு. தீபாவளிக்கு முன்னாடி கையெழுத்து வாங்கினா நீ பெர்மனென்ட். இல்லாட்டி சாரி லா. உன் மேசையைக் கேட்டு வெளியில நிறைய பேரு நிக்கிறாங்க."

அவள் போன அன்று மழையென்றால் அப்படியொரு மழை. கடைக்குள் ஓடிவந்து நின்றபோது ரூபி துவைத்துப் பிழியாத துணி மாதிரி இருந்தாள். கல்லா மேசையில், பாதி பிரித்த அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்தது. அதற்கு எதிரில் வட்ட ஸ்டூலில், முழங்கால்களுக்கு நடுவே குடையை நிறுத்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

அவர் எழுந்தார். ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்தார். "உக்காரும்மா. நல்லா நனைஞ்சிட்டியே."

இதைவிடப் பழைய ஆள் வேறு எங்கே கிடைப்பார்! ரூபி மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். அந்த நேரம் உள்ளேயிருந்து வந்த முதலாளி ஜலாலுதீன் பாய், "கம்ப்யூட்டர் கம்பெனியா? வாங்க, வாங்க" என்றபடி முதல் சலாமைப் பெரியவருக்கு வைத்தார். அப்புறம்தான் ரூபிக்கு. வேலை பார்ப்பவருக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் முதலாளியா என்று அவளுக்கு மனம் நெகிழ்ந்தது.

பெரியவரின் பெயரைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருக்கும் நரைத்த மனிதரிடம் பேர் கேட்க நம்மவர்கள் யாருக்குத்தான் வாய் வரும்? அவள் 'அங்கிள்' என்றாள். பாயும் கல்லாவிலிருந்த லீலாவும் 'பெரியவர்' என்றார்கள். அத்தோடு அறிமுகப் படலம் முடிந்தது.

"அங்கிள், இந்தக் கடையில உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு? எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க."

பெரியவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்னையா கேக்குறே?"

"உங்களைத்தான்."

"முப்பது வருஷம் கிடங்குல நின்னவன்மா நான். உனக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தன் கேட்டதில்ல."

ரூபி திரும்பி ஜலாலுதீன் பாயை ஒரு முறை முறைத்தாள். எதற்கு என்று புரியாத பாய், எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவருக்கு நுரை பொங்க ஆற்றிய பால் டீ, ஒரு தே தாரிக் சொன்னார். "சீனி வேணாம்" என்றார் பெரியவர். மறுநாளிலிருந்து அது கேட்காமலே வந்தது.

சட்டைப் பைக்குள் விரலை விட்டு, இரண்டு பேனாக்களுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்னத் துணித் துண்டை எடுத்தார் பெரியவர். பச்சை நிறம்.

"இந்தா, கஷ்டம் இதுதான். பச்சைன்னு கேட்டா எடுத்துப் போடுறது ஒண்ணு, வேணுங்கிறது வேற ஒண்ணு. இந்தப் பச்சையை உன் மெஷின் எப்படிச் சொல்லும்?"

இதுவல்லவா கேள்வி! ரூபியின் பேராசிரியர் மட்டும் அங்கே இருந்திருந்தால் பெரியவரைக் கட்டிப்பிடித்திருப்பார். மெஷினைப் பயன்படுத்தும் மனிதர் தடுமாறினால் குற்றம் மனிதருடையது அல்ல, மெஷினைச் செய்தவருடையது என்பதுதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

பெரியவர் தினமும் காலையில் கடை திறந்ததும் டிபன் கேரியரோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். குறை சொன்னார். ரூபி சரிசெய்தாள். ஒவ்வொன்றும் சரியாகச் சரியாக, கடை கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டிச்சுவராகிவந்தது.

முதலில் கம்ப்யூட்டர் 'வெல்கம், ப்ளீஸ் சிட்' என்று சொல்லப் பழகியது. சட்டென்று சொன்னால் விரட்டுவதுபோல் இருக்கிறது என்றார் பெரியவர். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொல்லவைத்தாள். அது சொல்லி முடிப்பதற்குள் லீலா ஒரு கொட்டாவியை ஆரம்பித்து முடித்துவிடலாம்.

அடுத்து, "திரை அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திரை ஸ்டூல் பக்கம் திரும்பியது. லீலா மேசைக்கு மேலே பாதி உடம்பைச் சாய்த்து, கழுத்தைத் திருகிக்கொண்டு தட்டினாள்.

"உங்களுக்குச் சரியா இருக்கா அக்கா?" என்றாள் ரூபி.

"பெரியவர் சொல்லிட்டாருல்ல. அப்புறம் நான் யாரு?" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள் லீலா.

பிறகு பச்சைக்கு வந்தார்கள். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, மாங்காய்ப்பச்சை என்று பெரியவர் சொல்லச் சொல்ல ரூபி ஏற்றினாள். மறுநாள் வெள்ளை வேட்டி வாங்க வந்தவரிடமும் கம்ப்யூட்டர் 'எந்தப் பச்சை?' என்று கேட்டது. அதைத் திருத்தினாள். 'எந்த வெள்ளை?' என்று கேட்டது. மனிதர் வேட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்.

"பில்லுல கழிவுன்னு, அதாம்மா தள்ளுபடி, ஒரு வரி வேணும்" என்றார் பெரியவர் இன்னொரு நாள்.

ஜலாலுதீன் பாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்ம கடையில கழிவு கொடுக்கிறதில்லையே!"

"வீட்டுல பொம்பளைங்க பில்லைக் கையில வாங்கினதும் முதல்ல தேடுறது அதைத்தான் பாய். அது இல்லாம வீட்டுக்குள்ள நுழைய முடியுமா?"

பாய் பழைய பில் கட்டைப் புரட்டிப் பார்த்தார். காலத்துக்கேற்ற புது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "பெரியவர் சொன்னா சரி" என்றார். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சிராங்கூன் சாலையில் ஒருவர் தும்மினால் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் 'நூறு' என்பார். அப்படிப்பட்ட ஊரில் வேட்டிக்குப் பச்சை கேட்ட கம்ப்யூட்டரின் புகழ் பாலகிருஷ்ணன் காதுக்குப் போக எத்தனை நேரமாகும்? கடைக்கே ஃபோன் அடித்தார்.

"பில் போடச் சொன்னா நீ கல்யாண வீட்டு வரவேற்பு வச்சிருக்கியாமே? வெள்ளிக்கிழமை நான் வர்றேன். கையெழுத்து இல்லாட்டி திங்கட்கிழமை நீ வர வேணாம்."

ஃபோனை வைத்துவிட்டு ரூபி போர்வைக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அழுவதற்கு ஜவுளிக்கடையைப்போல் வசதியான இடம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் துடைத்துக்கொள்ளத் துணி.

பெரியவர் டிபன் கேரியரோடு வந்து பக்கத்தில் நின்றார். புளிச்சோறு. மூடியில் பாதியை எடுத்துவைத்து நீட்டினார்.

"நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா உன் வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும், இல்ல?"

ரூபி மூக்கை உறிஞ்சினாள்.

"நாளையிலேர்ந்து வேணா நான் வராம இருந்துடட்டுமா?" அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. குடைப்பிடியைப் பார்த்தார். "வீட்டுலயே இருந்துடுவேன். ஒண்ணும் இல்ல."

"நீங்க வரலைன்னா நான் யாருக்காக அங்கிள் இதைச் செய்யுறது?"

பெரியவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். போர்வைக் கட்டு ஒன்றின் முனை கோணலாக இருந்ததாம். அதை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே நின்றார், ரொம்ப நேரம்.

புளிச்சோறு உள்ளே போனதும் ரூபிக்கு மூளை வேலை செய்தது. நேராக லீலாவிடம் போனாள்.

"அக்கா, உங்களுக்கு எது கஷ்டம்?"

"அம்மாடி! இப்பவாச்சும் கேக்கணும்னு தோணுச்சே." லீலா கழுத்தைத் தடவினாள். "திரை என் பக்கம் இருக்கணும். எனக்கு வெல்கம் சொல்ல வேணாம், நான் இங்கதான் இருக்கேன். வேட்டிக்காரர்கிட்டப் பச்சை கேக்கக்கூடாது. போதுமா?"

ரூபி ஆபீசிலிருந்து இன்னொரு திரையை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். லீலா பக்கம் ஒரு திரை, கடகடவென்று ஓடியது. ஸ்டூல் பக்கம் ஒரு திரை, நிதானமாக வரவேற்றது. பச்சை கேட்டவருக்கு மட்டும் பச்சை வகைகளின் பெயர்களைக் காட்டியது. பெரியவரின் ஆசைகளில் ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. தீபாவளிக் கூட்டம் கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதை வரை பிதுங்கியது. பாலகிருஷ்ணன் டையை இறுக்கிக்கொண்டு, கத்தரிக்கோல் மாதிரி முகத்தோடு ஒரு மூலையில் நின்றார்.

நடந்ததுதான் விசித்திரம். பில் போட வந்த ஒரு கிழவர் திரையைப் படித்துவிட்டு, "உக்காரச் சொல்லுது!" என்று பூரித்துப் போய் உட்கார்ந்தார். ஓர் அம்மாள் திரையில் விரலை வைத்து, "இந்தாங்க, பாசிப்பச்சை! இதைத்தான் நான் காலையிலேர்ந்து தொண்டைத் தண்ணி வத்தக் கேக்குறேன்" என்றாள். கணவர்மார்கள் கழிவு வரி வெளியே தெரியும்படி பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் கூட்டத்தைப் பார்த்து அடுத்த கடைக்கு நழுவுகிறவர்கள், திரையில் தங்கள் முறை வரட்டும் என்று காத்து நின்றார்கள்.

"என்னம்மா இது?" பாலகிருஷ்ணன் ரூபியின் காதருகே குனிந்தார். "நாம கடைக்காரங்களுக்குத்தானே செஞ்சோம்? வர்றவங்க எல்லாம் ஏன் இப்படிக் கொண்டாடுறாங்க?"

"தெரியல சார்" என்றாள் ரூபி. உண்மையிலேயே தெரியவில்லை.

ஜலாலுதீன் பாய் முகமெல்லாம் பல்லாக வந்தார். "கையெழுத்துதானே? எடுங்க சார். தாராளமா போடுறேன்."

பாலகிருஷ்ணன் தாளை விரித்தார். ரூபிக்கு மூச்சே அப்போதுதான் ஒழுங்காக வந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் பாய். "மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. முதல்ல உங்க பெரியவர் போடட்டும்."

"சே சே, அதெப்படி? முதல்ல உங்க பெரியவர்தான் போடணும்" என்றார் பாலகிருஷ்ணன்.

"எங்க பெரியவரா?"

"உங்க பெரியவர்தானே?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரின் சிரிப்பும் ஒரே நேரத்தில் நின்றது. லீலாவின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே தங்கின. ரூபி மெதுவாகத் திரும்பி ஸ்டூலைப் பார்த்தாள்.

பெரியவர் இது எதையும் கவனிக்கவில்லை. இரண்டு பேனாவில் நல்ல பேனாவை எடுத்து, தாளில் 'யூசர்' என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே, 'துரைசாமி' என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் தீபாவளி நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் மார்க்கெட் கூடையோடு ஓர் அம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஸ்டூலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தினமும் டிபன் கட்டிக்கிட்டு எங்க போறீங்கன்னு பாத்தா, இங்கதானா? மழை பெய்யுது, குடையை எடுத்துக்கிட்டுப் போய் என் ஜாக்கெட்டுக்கு ஒரு கெஜம் பச்சைத் துணி வாங்கிட்டு வாங்கன்னு ஆகஸ்ட் மாசம் அனுப்புனேன். இன்னுமா உங்களுக்கு பில் போடல?"