கியர் மிதியில் குங்குமம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெருஞ்செயல், 1978இல் மதுரைக் 'கண்மாய்ப் பார்வைப் பிரிவு' ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை யாரும் ஓட்டிவிடாமல் காப்பாற்றியதுதான்.

கண்மாய்க் கரைகளில் ஜீப் ஏறாது என்பதால் வண்டி வந்தது. மேட்டில் ஓட்டிக் காட்டுகிற குமாஸ்தா மதுரையிலேயே இருக்கலாம், காட்டாதவர் பரமக்குடிக்குப் போகலாம் என்று பெரிய அதிகாரி வெங்கட்ரமணன் திருவாய் மலர்ந்தார். குமாஸ்தா அனந்தநாராயணனோ பாலத்தில் சைக்கிளையே இறங்கித் தள்ளுகிறவர். மனைவி விஜயத்துக்குத் திருப்பரங்குன்றத்தில் டீச்சர் வேலை. பரமக்குடி என்றால் அனந்தநாராயணனுக்கு ஆயுள் முழுக்க ஓட்டல் சாம்பார்.

பயிற்சிப் பொறுப்பை ஹெட் கிளார்க் ஹாலாஸ்யம் ஏற்றார். எந்த வண்டியையும் ஓட்டியிராதவர் என்பதால் அவரிடம் 'பாரபட்சம்' இல்லை.

"கிளட்சை முழுசாப் பிடியும். கியரைப் போடும். அப்புறம், தூங்கற குழந்தை கையிலேர்ந்து பொம்மையை வாங்கறாப்பல மெதுவா விடணும். வெடுக்குனு விட்டீரோ, வண்டி துள்ளி அணைஞ்சுடும்."

அனந்தநாராயணன் நாற்காலியில் அமர்ந்து, ரூல்தடியைக் கிளட்சாகப் பிடித்து, வாயால் 'டுர்ர்' என்றார். வாரம் முழுக்கப் பயின்றும் நாற்காலி ஒருமுறைகூட அணையவில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டருக்கு வைத்ததுபோல வண்டிக்கும் ஹாலாஸ்யம் தம் கையாலேயே பொட்டு வைத்தார். கியர் மிதிக்குத் தாராளமாக. மறுநாள் அனந்தநாராயணன் முதன்முறையாக நிஜ வண்டியில் ஏறி, மிதியை நோக்கி இடது காலைத் தூக்கினார்.

"ஓய், குங்குமத்துலயா கால வைக்கறீர்?"

"கியர் வேற எப்படி சார் மாத்தறது? பொட்டைத் துடைச்சுடலாமே?"

"துடைக்கலாம். யார் துடைக்கறது?"

அவசரக் கூட்டம் கூடியது. டைப்பிஸ்ட் ஞானமுத்து கிறிஸ்தவர். அவர் மிதித்தால் 'தோஷமில்லை' என்று ஒரு யோசனை.

"நான் மாட்டேன் சார். நீங்க கும்பிட்டதை நான் மிதிச்சேன்னு தெரிஞ்சா வீட்ல பிலோமினா ராத்திரி சோறு போட மாட்டா. வேணும்னா பின்னாடி உக்காந்து கையால மாத்துறேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

'கியர் உதவியாளர்' என்ற பதவி அப்படித்தான் உதித்தது.

தேர்வு கீழக்குயில்குடிப் பக்கம், ஒரு வறண்ட கண்மாயில். வெங்கட்ரமணன் குடை நிழலில் நின்றார்.

"ஞானமுத்து, ஒண்ணு."

பின்சீட்டிலிருந்து ஞானமுத்து குனிந்து கையால் அழுத்தினார். "போட்டாச்சு சார்."

அனந்தநாராயணன் பொம்மையை மெதுவாக வாங்கினார். வண்டி நகர்ந்தது.

"ரெண்டு."

"போட்டாச்சு."

ஒரு பள்ளம் வந்தது, தூக்கிப் போட்டது. எதிரே செங்குத்தாகக் கரை. எஞ்சின் இருமத் தொடங்கியது.

"ஞானமுத்து, ஒண்ணுக்கு வாரும். ஒண்ணு."

"நான் இங்கனக்குள்ள இருக்கேன் சார்," என்று வெகுதூரத்திலிருந்து பதில் வந்தது. புழுதிக்குள் உட்கார்ந்திருந்தார்.

அனந்தநாராயணனின் கண்ணெதிரே கரை மறைந்து பரமக்குடி தெரிந்தது. மீனாட்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிளட்சைப் பிடித்தார், இடது காலால் ஓங்கி மிதித்தார், மெதுவாக விட்டார். குழந்தை விழிக்கவில்லை. வண்டி உறுமிக்கொண்டு கரையேறி உச்சியில் நின்றது.

வெங்கட்ரமணன் அவருடைய செருப்பைப் பார்த்தார். அதில் குங்குமம்.

"ஓட்டினதெல்லாம் சரி. ஆனா கால வெச்சுட்டீரே."

அனந்தநாராயணன் பரமக்குடிக்குப் போனார். வண்டியிலிருந்து விழும்வரை மரியாதை காத்த ஞானமுத்து மதுரையிலேயே தங்கினார். பயிற்றுவித்த ஹாலாஸ்யத்துக்குப் பதவி உயர்வு. வண்டிக்குப் புதுப்பொட்டு வைத்து, பூட்டிய அறையில் 'பாதுகாத்தார்கள்'.

அடுத்த மழையில் அதே கரை உடைந்து, நெல்லெல்லாம் தண்ணீரோடு போயிற்று. ஹாலாஸ்யம் பஸ் பிடித்துப் போய் உடைப்பைப் பார்வையிட்டார். ஊரார் கையைக் கட்டி நிற்க, மிச்சமிருந்த கரைக்குப் பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்தார்.

அன்றிலிருந்து பிரிவைச் சேர்ந்த எவரும் அதில் கால் வைத்ததில்லை.